அட்டை இல்லாத வீட்டுக்கு உதவி எப்படிப் போகும்?

(பிரிக்பீல்ட்ஸ் குடும்பக் கூட்டத்தில் கிள்ளான் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை)



2025 ஆகஸ்டு 31 முதல், 18 வயது நிறைந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் அரசாங்கம் 100 வெள்ளி கொடுத்தது ஞாபகம் இருக்கும். பாரம் எதுவும் இல்லை. கடையில் மைகார்டைக் கொடுத்தால் அரிசி, எண்ணெய்க்குக் கழித்துக்கொண்டார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் அடுக்குமாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். பால்மரம் வெட்டிக் கை காய்த்துப்போனவர். அவரிடம் இருப்பது சிவப்பு அட்டை. பேரன்களுக்குக் கிடைத்தது, பாட்டிக்கு இல்லை.

இப்போது உதவி என்பது பட்டியலைப் பார்த்துத்தான் வருகிறது. ஏழைக் குடும்பங்களுக்கு 'இ-காசிஹ்' பட்டியல். 2024 ஜனவரி 2-இல் எல்லாருக்கும் சேர்த்து 'பாடு' தொடங்கி, மார்ச் 31 வரை பதியச் சொன்னார்கள். அதற்கும் அடையாள அட்டை எண் வேண்டும். எந்த அட்டையும் இல்லாதவர் எங்கே பதிவது? கணினி பொய் சொல்லாது என்பார்கள். தெரியாத ஆளைப் பற்றி அது வாயே திறக்காதே!

நம் பக்கமும் தவறு உண்டு. கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று இருந்துவிட்டோம். 1982 மார்ச் 1 முதல் திருமணத்தைச் சட்டப்படி பதிந்தாக வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு, தாய் குடிமகளாக இல்லாவிட்டால், தந்தையின் குடியுரிமை வராது. தோட்டத்தை விட்டு வந்தபோது பத்திரத்தைத் தொலைத்தவர்கள் வேறு. 2011-இல் 'மைடஃப்தார்' இயக்கம் நடந்தது. அதன் பிறகும் டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா, ஐ.நா. அகதிகள் ஆணையத்தோடு சேர்ந்து மேற்கு மலேசியாவில் நாடற்றவர்களைத் தேடிப் பதிந்தபோது, பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஊருக்குள் நடந்து போனவர்கள் கண்ட கணக்கு அது.

2021 ஊரடங்கில் வாசலில் வெள்ளைக் கொடி கட்டினோமே! எங்கே கொடி என்று கைத்தொலைபேசிச் செயலி வரைபடத்தில் காட்டியது. முன்பின் தெரியாதவர்கள் அரிசி கொண்டு வந்தார்கள். கொடிக்கு ஐசி தேவைப்படவில்லை.

இப்போது நம் சங்கங்களே ஒரு பை மளிகைக்கு ஐசியைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்கின்றன. நானும் கேட்டிருக்கிறேன். ஒரு முறை நாற்பது குடும்பங்களின் சம்பளம், நோய், கடன் எல்லாம் உள்ள பட்டியலை வேறு குழுவுக்குத் தவறி அனுப்பிவிட்டேன். ஓர் அம்மா கூப்பிட்டு, "தம்பி, எங்க வீட்டுக் கடன ஊருக்கே சொல்லிட்டீங்களே" என்றார். என்னிடம் பதில் இல்லை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகக் காரியங்களுக்குத்தான். மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது. இலவச மளிகைப் பை வணிகமா என்ன?

நன்கொடை தருகிறவர்களும் எண்ணிக்கைதான் கேட்கிறார்கள். ஆயிரம் பை கொடுத்தோம் என்றால் அறிக்கை அழகாக இருக்கும். ஒரே பிள்ளையின் பிறப்புப் பத்திரத்துக்கு வருடக்கணக்காகப் பதிவு இலாகாவுக்கு அலைந்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நம் கிளைகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஐசி படம் வாங்காதீர்கள். அட்டை இல்லாதவர் பெயரை முதலில் எழுதுங்கள். எதற்காக எழுதுகிறோம், யார் பார்ப்பார்கள் என்று அந்த வீட்டில் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

பின்னால் மேசை போட்டிருக்கிறோம். பிறப்புப் பத்திரம், பெற்றோரின் அட்டை, பள்ளிச் சான்றிதழ், பழைய கிளினிக் அட்டை, எது இருந்தாலும் காட்டுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.