தவளையும் ஆட்டு மூளையும்



நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி! இதைக் கேட்டு நடுங்காத பிள்ளை ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் உண்டா? அந்த மருந்து எப்படி வந்தது தெரியுமா? ஆட்டின் மூளைக்குள் வெறிநோய்க் கிருமியைச் செலுத்துவார்கள். நோய் முற்றியதும் ஆட்டைக் கொன்று, மூளையை எடுத்து அரைத்து, பீனால் கலப்பார்கள். செம்பிள் என்ற மருத்துவர் வகுத்த முறை அது. நம் குன்னூர் பாஸ்டியர் நிறுவனமும் அந்த ஊசியைத்தான் நெடுங்காலம் தயாரித்தது.

அது எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதே ஊசி சிலருடைய கைகால்களை முடக்கியும் போட்டது. மருந்தோடு கலந்திருந்த மூளைத் திசு செய்த வேலை. திசு வளர்ப்பில் செய்த பாதுகாப்பான தடுப்பூசி உலகத்துக்கு வந்து பல்லாண்டு கழிந்தும் நாம் ஆட்டை விடவில்லை. 2004 இறுதியில்தான் இந்தியாவில் அந்த ஆட்டு மூளை ஊசி நின்றது. விலை ஒரு காரணம்தான். ஆனால் "இத்தனை நாளாக இப்படித்தானே செய்கிறோம்" என்ற நம் மருத்துவ உலகத்தின் பழக்கமும் ஒரு காரணம் என்றே நான் சொல்வேன்.

அந்தப் பழக்கம் மருத்துவப் படிப்பின் முதலாண்டு உடலியங்கியல் ஆய்வகத்திலேயே நம்மைப் பற்றிக்கொண்டது. தவளையின் தலைக்குப் பின்னால் ஊசியைச் செருகி மூளையையும் தண்டுவடத்தையும் சிதைப்போம். கெண்டைக்கால் தசையைப் பிரித்தெடுத்து மின்சாரம் பாய்ச்சுவோம். தசை துடிக்கும், புகைக்கரி படிந்த உருளையில் கோடு ஏறி இறங்கும். அந்தக் கோடு எப்படி வரும் என்பது நம் தாத்தா காலத்திலேயே புத்தகத்தில் இருந்தது! இன்று கணினித் திரையில் அதே பாடம் நடக்கிறது, யாருடைய படிப்பும் கெடவில்லை. கை நடுங்கிய மாணவரிடம் "டாக்டராகப் போகிறவர் மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும்" என்றார்கள். கல்லான மனசு நோயாளியின் கட்டிலருகே மட்டும் எப்படி இளகும்?

விலங்காய்வே கூடாது என்று பேச நான் வரவில்லை. 1921இல் டொராண்டோவில் பேன்டிங், பெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் நாய்களை வைத்து ஆராய்ந்ததால்தான் இன்சுலின் கிடைத்தது. அடுத்த ஜனவரியிலேயே, சாகக் கிடந்த ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு அது போடப்பட்டது. அந்த நாய்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதை வெளிப்படையாகச் சொல்ல நம்மவர்கள் ஏன் தயங்க வேண்டும்?

விலங்காய்வுக்கு மாற்று வழி உண்டா, விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாமா, வலியைத் தணிக்கலாமா என்று கேட்கச் சொல்லி ரஸ்ஸல், பர்ச் என்ற இரு அறிஞர்கள் 1959லேயே எழுதிவிட்டார்கள். விலங்குகளை வைத்து ஆராயும் ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு இருக்க வேண்டும், அதில் விஞ்ஞானி அல்லாத ஒருவரும் உட்கார வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மருத்துவ மாணவர்களே, நாளை நீங்கள் ஆய்வுத் திட்டத்தோடு அந்தக் குழுவின் முன் நிற்பீர்கள். "இத்தனை எலி எதற்கு, டாக்டர்?" என்று அந்த விஞ்ஞானி அல்லாதவர் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். உட்கார்ந்து, அவருக்குப் புரியும் தமிழில், கணக்குச் சொல்லுங்கள்.