அளவு தெரியாமல் சாக்ஸ் பின்ன முடியாது

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், சமுதாயக் கூடத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறேன்.)



முப்பத்தெட்டு வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தேன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் பேசிப் பழக்கம் உண்டு. மைக் முன்னால் பேசிப் பழக்கம் இல்லை. ஏதாவது தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர் என்னிடம், "அம்மா, நீங்க புதன்கிழமை சாயந்திரம் எல்லாரையும் கூட்டி வச்சுட்டு ஊசியும் நூலுமா உட்கார்ந்திருக்கீங்களே, அதைப் பத்தி பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். சாக்ஸ் பின்னுவதைப் பற்றி பத்து நிமிஷம் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். அதுவும் தொண்டாமுத்தூரில், செருப்பைக்கூட வாசலில் கழற்றிவிட்டு நடக்கும் ஊரில், சாக்ஸ் யாருக்கு வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், நாலு வருஷம் முன்பு வரை.

முன் வரிசையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அவருக்குச் சர்க்கரை வியாதி பதினெட்டு வருஷமாக இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோனது அவருக்கே தெரியவில்லை. கடையில் வாங்கிய சாக்ஸ் ஒன்றின் விரல் பக்கத்துத் தையல் தடிப்பாக இருந்து, இடது கால் சுண்டு விரலில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. வலி தெரியாததால் கவனிக்கவில்லை. நான் பார்த்தபோது புண் ஆழமாகிவிட்டது. கடைசியில் அந்த விரலையே எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டர் சில விஷயங்கள் சொன்னார். சாக்ஸ் கணுக்காலை இறுக்கக் கூடாது. உள்ளே தையல் மேடு இருக்கக் கூடாது. வெளிர் நிறமாக இருந்தால் நல்லது, ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே கண்ணில் படும். தினமும் மாற்ற வேண்டும். இரவு படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் பார்க்க வேண்டும். இங்கே சர்க்கரை உள்ளவர்கள் பலர் இருக்கிறீர்கள். என் பேச்சில் வேறெது மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

அப்போதுதான் எனக்குக் கோத்தகிரி ஞாபகம் வந்தது. 1984-ல் அங்கே எனக்கு மாற்றல். மூன்று வருஷம் இருந்தேன். மழைக்காலத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மூத்த அம்மா டிபன் பாக்ஸை மூடிவிட்டு ஊசியை எடுப்பார். அவரிடம்தான் நிட் எது, பர்ல் எது என்று கற்றேன். ஸ்வெட்டர் ஒன்று, சாக்ஸ் இரண்டு ஜோடி பின்னினேன். கோவைக்கு மாற்றலாகி வந்ததும் ஊசிகள் பரணில் ஏறிவிட்டன. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து அவற்றை இறக்கினேன்.

சாக்ஸ் எப்படி உருவாகிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பி.காம். படித்தவள், எனக்கு எல்லாமே கணக்குதான். ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய நூலில் ஒரு சராசரிக் காலுக்கு 64 கண்ணி. இவற்றை நாலு ஊசியில் பதினாறு பதினாறாகப் பிரித்து, ஐந்தாவது ஊசியால் வட்டமாகப் பின்னிக்கொண்டே போனால் குழாய் மாதிரி இறங்கும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாறி மாறிப் போட்டால், எலாஸ்டிக் இல்லாமலேயே நெகிழ்ந்து கொடுக்கும்.

குதிகாலில்தான் அழகு இருக்கிறது. பாதி, அதாவது 32 கண்ணியை மட்டும் எடுத்து, முன்னும் பின்னுமாக ஒரு சின்னப் பட்டை பின்ன வேண்டும். பிறகு ஒவ்வொரு வரிசையையும் முழுசாக முடிக்காமல் நடுவிலேயே திரும்பினால், தட்டையாக இருந்தது கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. அப்புறம் பக்கவாட்டில் கண்ணிகளைப் பொறுக்கிச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மறுபடி 64-க்கு வர வேண்டும். 63 வந்தால் எங்கோ ஒரு கண்ணி நழுவியிருக்கிறது. சாயந்திரம் கேஷ் டேலி ஆகாமல் உட்கார்ந்து தேடினோமே, அதே கதைதான். கிடைக்கும்போது வரும் நிம்மதியும் அதேதான். விரல் நுனியில் மேல் கண்ணியையும் கீழ் கண்ணியையும் நூலால் கோத்து மூடினால், தையல் மேடே இருக்காது. என் வீட்டுக்காரருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

லாப நஷ்டக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு ஜோடிக்கு நூல் 100 கிராம், எனக்கு 300 ரூபாய் ஆனது. ஏறத்தாழ 20,000 கண்ணி, 25 மணி நேரம். மணிக்கு ஐம்பது ரூபாய் கூலி வைத்தாலும் 1,250. மொத்தம் 1,550 ரூபாய். கடையில் நூறு ரூபாய்க்கு ஒரு ஜோடி கிடைக்கிறது. எந்த மேனேஜரும் இதற்கு லோன் தர மாட்டார்.

இந்தப் போட்டி இன்று நேற்று வந்ததல்ல. 1589-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நம் பக்கத்துத் திருப்பூரில் ஓடும் பனியன் மெஷின்களும் அதே மாதிரி வளையத்துக்குள் வளையமாகத்தான் பின்னுகின்றன. திருப்பூரில் 'ஹோசியரி' என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலமே காலுறைதான். நாம் போட்டிருக்கும் பனியனும் டி-சர்ட்டும் ஒரு வகையில் சாக்ஸுக்குச் சொந்தக்காரர்கள்.

செருப்புக்கும் சாக்ஸுக்கும் ஒத்துவராது என்பவர்களுக்கு ஒரு செய்தி. லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்தில் கிடைத்த ஒரு ஜோடி சாக்ஸ் இருக்கிறது. சிவப்புக் கம்பளி நூலில், ஒற்றை ஊசி முறையில் செய்தது. வயது ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேல். கட்டை விரலுக்குத் தனி இடம் விட்டுப் பின்னியிருக்கிறார்கள், செருப்பு வாரில் நுழைய. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்கள் மாமியாருக்கு ஒரு ஜோடி பின்னிக் கொடுத்தேன். "இதை அப்பவே பின்னியிருந்தா என் கால் வெடிச்சிருக்காதே அம்மிணி" என்றார்.

இனி நம் குடியிருப்புக் கதைக்கு வருகிறேன். கரண்ட் இல்லாத ஒரு சாயந்திரம் கீழே வேப்பமரத்து பெஞ்சில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். பி பிளாக் அம்மா ஒருவர் வந்து நின்று பார்த்தார். "நான் வயர் கூடை பின்னுவேனுங்க. இது அதைவிடச் சிக்கலா இருக்கும் போல" என்றார். அடுத்த நாள் கூடையோடு வந்தார். பிறகு, கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண் குரோஷா ஊசியோடு வந்தாள். ரிட்டயர்ட் டீச்சர் ஒருவர் வந்தார். இப்போது புதன்கிழமை ஒன்பது பேர்.

அதில் ஒரே ஆண், எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். கோவை மில் ஒன்றில் கோன் வைண்டிங்கில் முப்பது வருஷம் இருந்தவர். நான் நூல் கண்டைச் சிக்கலாக்கி வைத்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் வந்து உட்கார்ந்தார். அறுந்த நூலை அவர் முடிச்சுப் போடும் வேகம் கண்ணுக்கே தெரியாது. "ஐயா, முடிச்சு பாதத்தை உறுத்தும், வேண்டாமுங்க" என்றேன். "முடிச்சுப் போடாம நூல் எப்படிம்மா நிக்கும்?" என்று கோபித்துக்கொண்டார். இரண்டு வாரம் வழக்கு நடந்தது. கடைசியில் ஒரு சமரசம்: புது நூலைக் கணுக்காலுக்கு மேலேதான் சேர்ப்பது, அங்கேயும் இரண்டு நூலையும் சேர்த்துப் பத்துக் கண்ணி பின்னிவிடுவது. இப்போது எங்கள் எல்லோருக்கும் நூல் சுற்றித் தருவது அவர்தான்.

பின்னியதைக் கொடுப்பதிலும் நான் ஒரு பாடம் படித்தேன். முதன்முதலில் வீட்டுக்கு வெளியே நான் கொடுத்த ஜோடி, நம் இரவு வாட்ச்மேனுக்கு. மார்கழியில் வெள்ளியங்கிரிப் பக்கமிருந்து குளிர் இறங்கும்போது கேட்டருகே உட்கார்ந்திருக்கிறாரே என்று கொடுத்தேன். ஒரு மாதம் ஆகியும் அவர் காலில் பார்க்கவில்லை. மனசு சங்கடப்பட்டது. கேட்டபோது, "கொஞ்சம் சின்னதா இருக்குங்கம்மா. நீங்க கையால பண்ணுனது, வேற யாருக்கும் குடுக்க மனசு வரல. சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கேனுங்க" என்றார். 25 மணி நேரம் உழைத்த நான், அவரிடம் உங்கள் கால் என்ன சைஸ் என்று கேட்க ஒரு நிமிஷம் செலவழிக்கவில்லை. அவர் இங்கே வந்து ஆறு வருஷம். எனக்கு அவர் ஊரும் தெரியாது, வீட்டில் எத்தனை பேர் என்றும் தெரியாது. அன்றைக்குப் பேப்பர் விரித்து அவர் பாதத்தைப் பென்சிலால் வரைந்தேன். வரைந்து முடிப்பதற்குள் அவர் குடும்பக் கதை முழுவதும் வந்துவிட்டது. அடுத்த ஜோடியை அவர் போட்டுக்கொள்கிறார்.

அதிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம். யாருக்குப் பின்னினாலும் முதலில் கேட்பது: வேண்டுமா, என்ன அளவு, எங்கே உறுத்தும். ஒரு நோட்டில் இருபத்தாறு பேருடைய பாத அளவு இருக்கிறது. நான் இங்கே குடிவந்து பதினோரு வருஷம். முதல் ஏழு வருஷம் பலரையும் எனக்கு வீட்டு நம்பராகத்தான் தெரியும். இப்போது யாருக்கு இடது கால் கொஞ்சம் பெரிசு, யாருக்கு மாலையில் கால் வீங்கும் என்று தெரியும்.

இதனால் என்ன பயன் என்பது போன ஐப்பசியில் தெரிந்தது. தனியாக இருக்கும் ஒரு அம்மா ஒரு புதன்கிழமை வரவில்லை. அடைமழை, அதனால் வரவில்லை என்று இருந்துவிடலாம். வயர் கூடை அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "குதிகால் திருப்பச் சொல்லித் தர்றேன்னு சொல்லியிருந்தீங்க, அவங்க வராம இருக்க மாட்டாங்க" என்று மேலே போய்க் கதவைத் தட்டினார். அந்த அம்மா எப்படியோ வந்து கதவைத் திறந்தார். உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறிக்கொண்டிருந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது. விழுங்க முடிகிற நிலையில் இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அவர்களுக்குச் செய்தி போய்ச் சேரும்போது அம்மா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இங்கே இரண்டாவது வரிசையில் இருக்கிறார். கையில் ஊசியும் இருக்கிறது.

கைவேலை செய்பவர்கள் ஒன்றுசேர்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னையில் ஓர் உதாரணம் உண்டு. சுபஸ்ரீ நடராஜன் என்பவர் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு. பல ஊர்ப் பெண்கள் வீட்டிலிருந்தே சிறு சிறு போர்வைகளாகப் பின்னிக் கொடுக்க, 2016 ஜனவரியில் எல்லாவற்றையும் இணைத்து உலகின் மிகப் பெரிய குரோஷே போர்வை என்று கின்னஸ் சாதனை செய்தார்கள். அளவு 11,148.5 சதுர மீட்டர். நமக்குப் புரியும் கணக்கில் சொன்னால், ஆயிரம் சதுர அடி ஃபிளாட் 120. சாதனை முடிந்ததும் பிரித்து, தேவைப்பட்டவர்களுக்குப் போர்வையாகவே கொடுத்துவிட்டார்கள். நமக்குச் சாதனை வேண்டாம். இரண்டு பிளாக் சேர்ந்தால் போதும்.

கடைசியாக மூன்று வேண்டுகோள்.

ஒன்று, சங்கத்துக்கு. சமுதாயக் கூடத்தின் ஜன்னல் ஓரத்தில் ஒரு நல்ல டியூப் லைட்டும், பூட்டு வைத்த சின்ன அலமாரியும் கொடுத்தால் போதும். கண் பார்வை குறைந்தவர்கள்தான் எங்களில் அதிகம். செலவுக் கணக்கு நானே எழுதித் தருகிறேன், பொருளாளர் ஆடிட் செய்துகொள்ளலாம்.

இரண்டு, இளையவர்களுக்கு. வீட்டில் அப்பாவோ அம்மாவோ தனியாக டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தால் புதன்கிழமை நாலரை மணிக்குக் கீழே கூட்டிவந்து விடுங்கள். பின்னத் தெரிய வேண்டியதில்லை. நூல் சுற்றலாம், பட்டாணி உரிக்கலாம், சும்மா குறை சொல்லிக்கொண்டும் உட்காரலாம். அதற்கும் எங்களிடம் ஆள் இருக்கிறது.

மூன்று, எல்லோருக்கும். வாசலில் ஒரு மேசையில் வெள்ளைக் காகிதமும் பென்சிலும் வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் பாதத்தை வரைந்து, பெயர் எழுதிவிட்டுப் போங்கள். வீட்டு நம்பர் வேண்டாம், பெயர் போதும். சாக்ஸ் எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் வேகத்துக்கு அடுத்த மார்கழியும் ஆகலாம்.