ஒட்டுத்துணியில் ஒரு நூற்றாண்டு

(நூற்றாண்டு விழாக் கைவினைக் கண்காட்சியின் தொடக்க நாளன்று, சங்கத்தின் கைவேலைக் குழு சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



எங்கள் குழுவில் ஏழு பேர். ஒருவரும் கலைஞர் அல்லர். ஒருவர் தாதியாக இருந்தவர், ஒருவர் வங்கியில் வேலை பார்த்தவர், ஒருவர் கணிதம் படிப்பித்தவர். மற்றவர்கள் வீடும் பிள்ளைகளும் என்று இருந்தவர்கள். மூன்று வருடங்களுக்கு முன்னர் சங்கக் கூட்டத்தில், நூற்றாண்டுக்குக் கையால் செய்த ஒரு பொருள் வேண்டும் என்று பேச்சு வந்தது. அன்று கை உயர்த்திய குற்றத்துக்காக நாங்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடத் தொடங்கினோம். பின்னர் அது ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆகிவிட்டது.

எங்கள் காலத்தில் தையல் பாடத்துக்கு ஒரு மாதிரிக் கொப்பி இருந்தது. நூலோட்டம், சங்கிலித் தையல், குறுக்குத் தையல், தெறித்துளை, கிழிசலுக்கு ஒட்டுப்போடுதல் என்று ஒவ்வொன்றையும் சிறு துணித்துண்டில் தைத்து, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஒட்டுப்போட்ட இடம் முன்பக்கத்தில் தெரிந்தால் ரீச்சர் பிரித்துவிடுவார். அந்தக் கொப்பியை இன்றும் வைத்திருப்பவர் எங்களுள் ஒருவர்தான். மற்ற ஆறு பேரின் கொப்பிகளும் வீடுகளோடு போயின.

ஆகவே கொப்பியையே பெரிதாகச் செய்வோம் என்று தீர்மானித்தோம். பத்துக்குப் பத்தாக 100 கட்டங்கள். ஒவ்வொரு துண்டும் 9 அங்குலமாக வெட்டப்படும். நான்கு பக்கமும் அரை அங்குலம் தையலுக்குள் போக 8 அங்குலம் மிஞ்சும். பழைய மாணவிகள் தங்களிடம் உள்ள துணியில் ஒரு துண்டு அனுப்ப வேண்டும். சீருடைக் கரை, அம்மாவின் சேலைத் தலைப்பு, பிள்ளையின் முதற் சட்டை, எதுவானாலும் சரி. அதோடு தெறி, ரேந்தை, ஓலை, கடிதத் துண்டு எதையும் சேர்த்துத் தைக்கலாம்.

தைக்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு எவ்வளவு தெரியாது என்பது தெரிந்தது. வான் பிடித்துக்கொண்டு பயணம் புறப்பட்டோம்.

முதலில் பருத்தித்துறைப் பக்கம் ஓலைப் பின்னல் செய்யும் ஓர் அம்மாவிடம் போனோம். பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்டது. அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே எங்கள் வீடுகளில் கடகமும் சுளகும் நீத்துப்பெட்டியும் இருந்தன. இருந்தும் ஓலையைக் கையில் எடுத்து வாரத் தெரிந்தவர் எங்களுள் ஒருவரும் இல்லை. குருத்தோலையை வெயிலில் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, நிறம் வேண்டியதைக் கொதிக்கும் சாயத்தில் அவிக்க வேண்டும். பின்னும்போது ஓலையில் ஈரம் இருக்க வேண்டும், காய்ந்தால் வெடிக்கும். நாங்கள் துணியில் வைத்துத் தைத்த ஓலையெல்லாம் ஏன் ஊசி பட்டதும் பிளந்தன என்பது அன்றுதான் விளங்கியது. இப்போது தைக்குமுன் ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைக்கின்றோம்.

அடுத்த பயணம் தெற்கே, வெலிகமைக்கு. ரேந்தை என்று நாங்கள் சொல்லும் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அங்குள்ள பெண்கள் அதை இன்றும் பழைய முறையில் பின்னுகின்றார்கள். உருண்டைத் தலையணையில் மாதிரிக் கடதாசியைச் சுற்றி, குண்டூசிகளைக் குத்தி, பீரலு என்னும் சிறு மரக்கட்டைகளில் நூலைச் சுற்றிச் சோடி சோடியாகத் தொங்கவிடுகின்றார்கள். அசைவு இரண்டே இரண்டுதான். ஒன்றின்மேல் ஒன்றைக் கடத்துவது, முறுக்குவது. இந்த இரண்டிலிருந்தே பூவும் இலையும் வருகின்றன. எங்களுக்குச் சிங்களம் குறைவு, அவர்களுக்குத் தமிழ் இல்லை. எங்கள் விரல்களைப் பிடித்துத்தான் கற்றுத் தந்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் ஒரு நக அளவு ரேந்தை முடிந்தது. அது ஐந்தாம் வரிசையில் ஒரு கட்டத்தின் மூலையில் இருக்கிறது. சிரிக்காமல் பாருங்கள்.

இலண்டனிலுள்ள எங்கள் பிள்ளைகள் தங்கள் பங்குக்கு விக்டோரியா அன்ட் அல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். அங்கு 18ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் போன பூந்துணிகள் இருக்கின்றன. அவற்றின் சிவப்பு இன்னும் மங்கவில்லையாம். அந்தச் சிவப்புக்குரிய சாயவேர் எங்கள் மண்ணுக்கும் உரியது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அதைத் தோண்டுவித்து, வியாபாரத்தைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். வேரின் சாயம் தானாகத் துணியில் நிற்காது. படிகாரம் ஏற்றிய நூலில்தான் பிடித்து நிற்கும். இந்தச் செய்தி வந்ததும் எங்கள் குசினிகள் சாயப்பட்டறைகளாயின. சாயவேருக்கு எங்கே போவது? சின்ன வெங்காயத் தோலுக்கு யாழ்ப்பாணத்தில் பஞ்சமில்லை. துணியை முதலில் கடுக்காய் நீரில் ஊறவைத்தோம். பின்னர் 100 கிராம் துணிக்கு 15 கிராம் படிகாரம் கரைத்த சுடுநீரில் போட்டோம். கடைசியாக வெங்காயத் தோலை அவித்த நீரில் மெல்லிய சூட்டில் ஒரு மணித்தியாலம் விட்டோம். பொன்னும் மண்ணும் கலந்தாற்போல ஒரு நிறம் வந்தது. அதே நீரில் துருப்பிடித்த ஆணி போட்டால் நிறம் இருண்டுவிடும். திரையின் ஓரம் முழுவதும் அந்த இரண்டு நிறங்கள்தான்.

இனி நாங்கள் சொல்லத் தயங்கிய விடயம். ஆனால் சொல்லாமல் இந்தத் திரையை உங்கள் முன் தொங்கவிட எங்களுக்கு மனமில்லை.

வெளிநாட்டில் இருக்கும் ஓர் அக்கா, தன் பெறாமகளிடம் ஒரு மேசைவிரிப்பைக் கொடுத்தனுப்பினார். ஏறக்குறைய 16 அங்குலச் சதுரம். வெள்ளைத் துணி, ஓரமெங்கும் சிவப்பு நூலில் குறுக்குத் தையல். எங்கள் கல்லூரியின் தொடக்க காலத்தில் படித்த அவருடைய தாயார் இங்கே தையல் வகுப்பில் தைத்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, காணி உறுதியைச் சுற்றிக் கொண்டுபோன துணி அது. தாயாரின் பொருளென்று அவரிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

துணி மஞ்சள் பூத்திருந்தது. விழாவுக்கு வெண்மையாக இருக்கட்டும் என்று நாங்கள் அதை இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்தோம். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் நீர் சிவந்திருந்தது. துணியின் நடுவே உள்ளங்கை அளவில் ஒரு றோஸ் நிறக் கறை.

சாயத்தைப் பற்றி அத்தனை படித்திருந்தும், ஈர வெள்ளைத் துணியை நூலின்மேல் ஒற்றிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு கிழமையாக நாங்கள் அதை யாருக்கும் சொல்லவில்லை. வெளுக்கும் மருந்து போடுவோம் என்றார் ஒருவர். கறைபட்ட நடுப்பகுதியை வெட்டிவிட்டு ஓரத்தை மட்டும் நான்கு கட்டங்களாகத் தைப்போம், அவருக்கு எப்படித் தெரியும் என்றார் இன்னொருவர். கணித ரீச்சர்தான், "முதல்ல கேட்டுப்போட்டுச் செய்வம்" என்று தொலைபேசியை எடுத்தார்.

மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "மூலையில அம்மான்ர பேரின்ர முதலெழுத்து இருக்குதோ?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றோம். வைத்துவிட்டார்.

அவர் உடனே மன்னிக்கவில்லை. மூன்று கிழமை எங்களோடு கதைக்கவுமில்லை. அந்த மூன்று சனிக்கிழமைகளும் நாங்கள் கூடினோம், ஆனால் ஒரு கட்டமும் தைக்கவில்லை. நாலாம் கிழமை அவரே எடுத்தார். "அண்டைக்கு ராத்திரி கைதடிப் பாலத்தில மழையில நனைஞ்ச துணி. அதுக்கும் ஓடாத சாயத்தை நீங்கள் ஓட வைச்சிட்டியள். எனக்குக் கோவம்தான். ஆனா வெட்டாதேங்கோ, வெளுக்கவும் வேண்டாம். உள்ளபடி வையுங்கோ. ஏன் அப்பிடி ஆனதெண்டும் சொல்லுங்கோ" என்றார்.

ஆகவே சொல்கின்றோம். திரையின் நடுவில் நான்கு கட்டங்களின் இடத்தை அந்த விரிப்பு முழுதாக எடுத்திருக்கிறது. கறையைச் சுற்றி வெங்காயத்தோல் நூலால் ஒரு நூலோட்டம் மட்டும் போட்டிருக்கின்றோம். அவருடைய அனுமதியோடு போட்டது. முன்பக்கத்தில் தெரியும்படிதான் போட்டோம். அந்தக் காலத்து ரீச்சர் இருந்தால் பிரித்திருப்பார்.

பழைய துணி வைத்திருப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். கழுவ அவசரப்பட வேண்டாம். கழுவத்தான் வேண்டுமென்றால் முதலில் ஒவ்வொரு நிறத்தையும் ஈர வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். மடித்து வைத்தால் மடிப்பில் இழை அறும், உருளையில் சுற்றி வையுங்கள். பிளாஸ்ரிக் பையில் அடைக்காதீர்கள், துவைத்த பழைய வெள்ளைப் பருத்தித் துணி போதும். இது யாருடையது, எப்போதையது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். துணி பேசாது. உங்களுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகள் அதைத் தூசி துடைக்க எடுப்பார்கள்.

83 கட்டங்கள் நீங்கள் அனுப்பிய துண்டுகளால் நிறைந்துவிட்டன. விரிப்புக்கு நான்கு. மீதி 13 கட்டங்களும் வெறும் வெள்ளையாக இருப்பதைக் காண்பீர்கள். வேலை முடியவில்லை என்று நினைக்க வேண்டாம். "தைக்க எனக்கு விருப்பம், ஆனால் அந்தக் காலத்துத் துணி ஒரு முழமும் என்னிடம் இல்லை" என்று எங்களுக்கு எழுதியவர்கள் பலர். அவர்களுக்காக விட்ட இடம் அது. துணி இல்லாதவருக்குப் பெயர் இருக்கிறது. மேசையில் ஊசியும் சிவப்பு நூலும் வைத்திருக்கின்றோம். நூலை நாங்கள் ஒற்றிப் பார்த்துவிட்டோம், சாயம் ஓடாது. வந்து உங்கள் பெயரைத் தையுங்கள். வர இயலாதவர்கள் பெயரையும் படித்த ஆண்டையும் அனுப்பினால், முன்வரிசையில் இருக்கும் இந்தப் பிள்ளைகள் தைத்துத் தருவார்கள். குறுக்குத் தையல் அவர்களுக்குப் போன மாதம்தான் பழக்கினோம், எழுத்துச் சற்றுக் கோணலாக வரலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.