சிவகோசரியார் கற்ற பாடம்

திருச்சிற்றம்பலம்.



போடிநாயக்கனூரில் விழா மேடை ஏறும்போதெல்லாம் அடியேனுக்குக் கண்ணப்ப நாயனார் நினைவு வருவதுண்டு. எதிரே மலை, மலைமேல் காடு, காட்டு மரங்களின் நிழலில் ஏலத்தோட்டம். விடியுமுன் ஜீப்பு ஏறிப் போடிமெட்டு வழியே வேலைக்குச் சென்று, அந்தி சாய்ந்தபின் திரும்பிய தாய்மார் பலர் களைப்பையும் பாராது இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். திண்ணனாரும் மலைக்கு உரியவரே. ஆயினும் இன்று அடியேன் சிந்திக்க விழைவது, அவர் வரலாற்றில் நாம் எளிதில் கடந்து செல்லும் மற்றொருவரை. அவரே சிவகோசரியார்.

சிவகோசரியார் ஆகம நெறி வழுவாது காளத்தியப்பரைப் பூசித்த அந்தணர். நாள்தோறும் சந்நிதியில் ஊன் கிடப்பது கண்டு பதறினார், தூய்மை செய்தார், இந்த அநுசிதத்தை ஒழித்தருள வேண்டுமென்று இறைவனிடம் முறையிட்டார். பெருமான் என் செய்தார்? திண்ணனாரை அழைத்து, ஆகமம் கற்று வா என்று பணித்தாரா? இல்லை. அந்தணரின் கனவில் தோன்றி, அவ்வேடர் செய்வன யாவும் தமக்கு இனியவை என்று உணர்த்தினார். மறைந்து நின்று காணுமாறு கட்டளையிட்டார். அன்பர்களே, அங்கே திருத்தம் பெற்றவர் காட்டிலிருந்து வந்தவர் அல்லர். கற்றவரே திருத்தம் பெற்றார்.

இவ்வரலாற்றை நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்த அடியேன், இதன் பொருளைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கற்றேன். கற்ற விதம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

2019ஆம் ஆண்டு, கார்த்திகைச் சோமவாரம் ஒன்றில், இம்மலைச் சரிவின் ஊர்களுள் ஒன்றிலே சொற்பொழிவு முடிந்து இறங்கினேன். பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் தயங்கித் தயங்கி அருகே வந்தான். தேவார வகுப்பில் பண்ணோடு பாட வல்லவன். அவன் ஊரும் பேரும் கூறேன். அவன் இசைவு பெற்றே இதனைச் சொல்லுகின்றேன். "ஐயா, என் மனம் பெண்களை நாடவில்லை, ஆண்பிள்ளையையே நாடுகிறது. மாற்றிவிடு என்று சாமியிடம் வேண்டாத நாளில்லை. இப்படிப்பட்டவன் திருநீறு பூசலாமா? சந்நிதியில் நின்று பாடலாமா?" என்று கேட்டான்.

அடியேன் ஒரு கணமும் சிந்தித்தேன் அல்லேன். "தம்பி, இது மனமயக்கம். பதினெட்டுச் சோமவாரம் விரதம் இரு, ஐந்தெழுத்தை ஓது, போய்விடும். யாரிடமும் சொல்லாதே" என்றேன். உயிருக்குத் துணையாக அருளப்பட்ட ஐந்தெழுத்தை மருந்துச் சீட்டாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவன் ஒரு வாரமும் தவறாமல் விரதம் இருந்தான். மனம் மாறவில்லை. பெருமான் தன்னைத் தள்ளிவிட்டான் என்று முடிவு செய்துகொண்டான். பாட்டு நின்றது; நெற்றியில் திருநீறும் இல்லாதொழிந்தது. ஏலக்காய் பறித்துக் குடும்பம் காக்கும் அவன் தாய் அடியேனைத் தேடி வந்து, "பிள்ளை சரியாகச் சோறு தின்பதில்லை ஐயா. கேட்டால் வாய் திறக்க மாட்டேன் என்கிறான். நீங்கள்தான் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்" என்று அழுதார். காரணம் அறிந்திருந்தும் அடியேன் வாய் திறவாது நின்றேன்.

அதன்பின் ஒரு நாள் செய்தித்தாளில் ஒரு வழக்கைப் படித்தேன். ஒருவரையொருவர் விரும்பிய இரு பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்குச் சென்றனர். பெற்றோர் காவல்துறையில் புகார் கொடுத்தமையால், பாதுகாப்பு வேண்டிச் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தனர். வழக்கை விசாரித்த நீதியரசர் ந. ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குப் போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியல் அறிஞர் ஒருவரிடம் மாணவரைப்போல் அமர்ந்து கேட்டறிந்தார். அதன்பின் 2021 ஜூன் 7ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். இத்தகைய ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வது கூடாது என்பது அவ்வாணையின் ஒரு கூறு. மறு ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம், அவ்வாறு மாற்ற முயலும் சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக்கேடு என அறிவித்தது. உலக சுகாதார நிறுவனமோ 1990ஆம் ஆண்டிலேயே இதனை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. வயது வந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமன்று என்று உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2018 செப்டம்பர் 6ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இவ்வளவும் உலகறிந்த செய்திகள். அடியேன்தான் அறிந்திலேன்.

நீதியரசர் அறியாததை அறியேன் என்றார்; அடியேனோ அறியாததற்குப் பரிகாரம் சொன்னேன்.

சாத்திரம் என் சொல்லுகின்றது? உயிருக்கு ஆண் பெண் என்னும் வேறுபாடு இல்லை என்பது நம் சித்தாந்தத் துணிபு. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும், ஆணவ இருளில் கிடக்கும் உயிர் தெளியும்பொருட்டு இறைவன் மாயையினின்றும் கூட்டித் தந்தவை. அவன் தந்த கரணத்தோடு அவனை நாடி வரும் பிள்ளையை, வேறு மனம் கொண்டு வா என்று வாயிலில் நிறுத்த நாம் யார்? மாதொரு பாகனாகவும் தாயுமானவனாகவும் நின்றருளும் பெருமானை ஒரு வடிவுக்குள் அடைக்க நம்மால் இயலுமா?

ஆசை பாசமன்றோ எனின், ஆம். கணவன் மனைவியரிடத்து உள்ளதும் ஆசைதான். அதற்காக இல்லறத்தாரைச் சைவம் கோயிலுக்குப் புறத்தே நிறுத்தவில்லை. வஞ்சியாமை, பிறரை வருத்தாமை, நம்பியவரைக் கைவிடாமை என்னும் அறங்கள் அவர்களுக்கு எவையோ, அவையே இவர்களுக்கும்.

தொற்றுக்காலக் கட்டுப்பாடுகள் நீங்கியபின் அவ்வூருக்குச் சென்று அவனைக் கண்டேன். "தம்பி, பிழை உன்னுடையதன்று. மாறினால்தான் வரலாம் என்று பெருமான் சொல்லவில்லை, நான் சொன்னேன். அதைப் பொறுத்துக்கொள்" என்றேன். நெடுநேரம் அவன் பேசவில்லை. அடுத்த வாரம் தேவார வகுப்பின் கடைசி வரிசையில் வந்து அமர்ந்தான். பாடவில்லை, தொடையில் தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தான். நெற்றியில் திருநீறு இருந்தது.

பின்னர்த் தாயிடம் அவனே சொன்னான். அவ்வம்மையார் இரண்டு நாள் அழுதாராம். மூன்றாம் நாள் அடியேனிடம், "நிழலை ஒரேயடியாக வெட்டிவிட்டால் ஏலச்செடி கருகிப்போகும் ஐயா. நானே விலகிவிட்டால் அவனுக்கு யார்?" என்றார். அடியேன் படித்த நூல்கள் சொல்லித் தராத தெளிவை அத்தாய் தோட்டத்திலிருந்தே கொண்டுவந்தார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இவ்வாறு வந்து நின்றால் மந்திரவாதியிடம் இழுத்துச் செல்லாதீர்கள். ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று மணம் முடித்து, மற்றொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வையும் சேர்த்துக் கெடுக்காதீர்கள். ஊர் என்ன சொல்லும் என்று வீட்டு வாயிலை அடைக்காதீர்கள். அடியேனைப்போல் மேடையில் பேசுவோர் அறியாததைக் கூறினால் ஏற்காதீர்கள்.

சிவகோசரியாருக்குக் கிடைத்த பேறு ஒன்றுண்டு. பெருமான் காட்டியபோது அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. நமக்கும் அப்பேற்றைத் திருவருள் கூட்டுவிக்குமாக என்று வேண்டி அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.