இரவில் ஒரு கால் மணி நேரம்

திண்டுக்கல்லில் பெஸ்கியின் பெயரைத் தாங்கிய இயேசு சபை இல்லம் ஒன்று இருக்கிறது. தேம்பாவணி தந்த வீரமாமுனிவர்தான் அந்தப் பெஸ்கி. சபையில் சேரும் இளைஞர்கள் நவதுறவியராக இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெறும் இடம் அது. அந்தப் பயிற்சியில் முப்பது நாள் மௌனத் தியானம் உண்டு. பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு அது எட்டாது. ஆனால் நவதுறவியர் தினமும் பழகும் இன்னொன்று எவருக்கும் எட்டும். ஆத்தும சோதனை.

அது பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் செய்வதாயிற்றே என்று கத்தோலிக்கர்கள் கேட்கலாம். இயேசு சபையைத் தொடங்கிய இலொயோலா இஞ்ஞாசியார் அதை அன்றாடப் பழக்கமாகவே கேட்டார். 1548-இல் அச்சான அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் வழியும் சொல்லியிருக்கிறார். முதலில் நன்றி. பிறகு தன் பாவங்களைக் கண்டு விலக்க வரம் கேட்பது. அப்புறம் எழுந்த நேரத்திலிருந்து மணிக்கு மணி நாளைத் திரும்பிப் பார்ப்பது. மன்னிப்பு, தீர்மானம், கடைசியில் பரலோக மந்திரம். கால் மணி நேரம் போதும்.

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒரு கிறிஸ்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஓர் அம்மா மல்லிகையைக் கொண்டுவந்து தராசில் வைக்கிறார். "பூ ஈரமா இருக்கேம்மா" என்று சொல்லி இவர் எடையில் கொஞ்சம் கழிக்கிறார். ஈரம் உண்மைதான். கழித்தது ஈரத்துக்கு மட்டும்தானா? மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து விலை ஏறியிருக்கும்போது, ஐம்பது கிராம் கூடுதலாகக் கழித்தாலும் அந்த அம்மாவுக்கு அது பெரிய பணம். தராசு முன்னால் நிற்கும்போது இந்தக் கேள்வி வராது, வியாபாரம் விடாது. ராத்திரி மணிக்கு மணி திரும்பிப் பார்க்கும்போது வந்து நிற்கும்.

வேளாங்கண்ணிக்குப் பாத யாத்திரை போகிறோம், உபவாச ஜெபத்தில் கண்ணீர் விடுகிறோம். அவையெல்லாம் வேண்டும். ஆனால் விசுவாசத்தில் வளர்ந்திருக்கிறோமா என்பதை நான் அந்தத் தராசில்தான் தேடுவேன்.

இஞ்ஞாசியார் இன்னும் நுணுக்கமாகப் போகிறார். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அதில் விழும்போதெல்லாம் நெஞ்சில் கை வைக்க வேண்டும்; பலர் நடுவில் இருந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று அவரே சொல்கிறார். பிறகு தாளில் கோடு போட்டு, விழுந்த தடவைக்கெல்லாம் ஒரு புள்ளி. நேற்றைய கோட்டோடு இன்றையது, போன வாரத்தோடு இந்த வாரம் என்று ஒப்பிட வேண்டும். தினமும் சிட்டை எழுதும் கடைக்காரருக்கு இது புதிய வேலையே இல்லை. கத்தோலிக்கர் அல்லாத சபைகளில் இருப்பவர்களும் தாராளமாகச் செய்யலாம்.

சிலருக்குப் புள்ளிகள் குறையாது. கூடவும் கூடும். 'நான் தேறவே மாட்டேன்' என்று அந்தத் தாளைக் கசக்கிப் போட்டவர்கள் உண்டு. அவர்களுக்காகவே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இஞ்ஞாசியார் வரிசையில் நன்றியை முதலில் வைத்திருக்கிறார், அந்த வரிசையை மாற்றாதீர்கள். புள்ளி வைக்கும் முன்னால், இருட்டோடு எழுந்து பூப் பறித்து, இத்தனை கடைகள் இருக்க நம் கடையைத் தேடி வந்த அந்த அம்மாவுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள். எடையை அதற்குப் பிறகு நினைத்துப் பாருங்கள்.