குறட்டைக்குச் சாட்சி

ஒருவர் குறட்டை விட்டு உறங்கினால், 'கவலையற்ற தூக்கம்' என்று சொல்லி நகைப்பது நம் வழக்கம். டில்லியில் எங்கள் வீட்டிலும் ஆறு ஆண்டுகள் அவ்வாறே நகைத்தோம். உறங்கியவன் நான்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் பின்னே சரிந்து மூச்சு வழியை அடைத்துவிடுகின்றன. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. இரத்தத்தில் பிராணவாயு குறையவே, மூளை திடுக்கிட்டு எழுப்ப, பெருஞ்சத்தத்துடன் மூச்சுத் திரும்புகிறது. அவ்விழிப்பு ஒரு கணமே ஆதலின் உறங்குபவருக்கு அது நினைவில் நிற்பதில்லை. மூச்சு நிற்பதும் குன்றுவதுமாகச் சேர்ந்து மணிக்கு 30 முறையை எட்டினால் நோய் கடுமையானது என்பர். ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் ஏறுகிறது.

ஆகவே சிகிச்சையின் தாமதம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதன்று, வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. பகல் தூக்கத்துக்கு வேலைப் பளுவையும், காலைத் தலைவலிக்குத் தலைநகரின் குளிரையும் காரணமாகக் கற்பித்துக்கொண்டேன். ஒரு சுற்றறிக்கையின் ஒரே பத்தியை இருமுறை மொழிபெயர்த்திருப்பதாக மேலதிகாரி காட்டிய பின்னும் மூக்குக் கண்ணாடியைத்தான் மாற்றினேன். மூன்று மருந்துகள் உட்கொண்டும் இரத்த அழுத்தம் இறங்கவில்லை. நண்பரொருவர் தூக்க மாத்திரை கொடுத்தார். அது தொண்டையை மேலும் தளர்த்தக்கூடும் என்பதை அவரும் அறியார், நானும் அறியேன்.

இறுதியில் வைத்தியர் என் மனைவியைத்தான் விசாரித்தார். அவளுக்குத் தெரிந்த இந்தி காய்கறிக் கடை அளவே. "நடுராத்திரியில் மூச்சு நின்றுபோகிறது, நான் தோளைத் தொட்டு எழுப்புகிறேன்" என்று அவள் தமிழில் சொன்னதை நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. என் உத்தியோகத்தில் அவ்வளவு கடினமான வாக்கியம் வாய்த்ததில்லை.

இரவு முழுதும் படுக்கவைத்து மூச்சையும் நாடியையும் மூளை அலைகளையும் அளக்கும் சோதனைக்கு நான்கு மாதம் காத்திருந்தேன். அதுவரை வாகனம் ஓட்டலாகாது, மாத்திரையை விடவேண்டும், ஒருக்களித்துப் படுக்கவேண்டும் என்றார் வைத்தியர். சிகிச்சையின்றி நாள் கடத்துவோருக்குப் பக்கவாதமும் இருதயத் துடிப்பில் தடுமாற்றமும் நேரும் அபாயம் மிகுதி. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் வெளியிட்ட முறைப்படி, முகமூடி வழியே காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்துவைக்கும் கருவியே எனக்கும் கிடைத்தது. முதல் வாரத்திலேயே தலைவலி நீங்கிற்று. ஆனால் அந்த ஆறு ஆண்டுகளில் தடித்துப்போன இருதயத் தசைக்கு மருந்து இன்றும் தொடர்கிறது.

பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்து தனியறையில் வாழ்வோருக்கு என் மனைவியைப்போல் சாட்சி சொல்ல ஒருவர் இல்லை. அத்தகையோர் விடுமுறையில் ஊர் செல்லும்போது, இரவில் தம் மூச்சைக் கவனிக்குமாறு தாயிடமோ தம்பியிடமோ கேட்டுக்கொள்ளலாம். கைபேசியில் ஓரிரவு ஒலியைப் பதிவுசெய்து வைத்தியரிடம் கொண்டுபோகலாம்.