நூறு பேர் கொண்ட வாத்தியம்



2005 டிசம்பர் 26. சுனாமி அடித்து ஓராண்டு நிறைந்த நாள். மார்கழிக் கச்சேரிகளுக்கே பழகிய சென்னை மியூசிக் அகாதெமி மேடையில் ஜெர்மனியின் பவேரிய அரசு இசைக்குழு அஞ்சலிக் கச்சேரி வாசித்தது. அதை நடத்தியவர் ஜூபின் மேத்தா. அப்போது அவருக்கு 69 வயது. உலகமே அறிந்த பெயர். ஆனால் இன்றைய பேச்சு அந்தப் பெரியவரைப் பற்றியதல்ல. கையில் கோல் இருந்தும் எதிரே குழு இல்லாமல் தவித்த இளைஞர் மேத்தாவைப் பற்றியது.

பாடுகிறவர் விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்யலாம். மிருதங்கக்காரர் ஒரே கோர்வையை வீட்டில் ஆயிரம் தடவை வாசிக்கலாம். சிம்பொனி நடத்துநர் எதை வைத்துச் சாதகம் செய்வார்? அவருடைய வாத்தியம் எண்பது, நூறு மனிதர்கள். சம்பளம் வாங்கும் வித்வான்கள் கற்றுக்குட்டிக்காக வந்து உட்கார மாட்டார்கள். கண்ணாடி முன் நின்று கையை வீசலாம். ஆனால் கண்ணாடி பிந்தாது, பிசகாது, முறைக்கவும் செய்யாது!

அப்படி என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். கோல் கீழே இறங்கும்போது ஒலி பிறக்கிறது. ஆனால் காரியம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கோல் மேலே எழும் அந்த ஒரே வீச்சில் காலப்பிரமாணம் தெரிய வேண்டும். மெல்லத் தொடங்குவதா, ஓங்கி அடிப்பதா என்பதும் தெரிய வேண்டும். ஊதுகிறவர்கள் அந்த வீச்சோடுதான் மூச்சை இழுக்கிறார்கள். அது கொஞ்சம் தயங்கினால் போதும், ஓபோ ஒரு கணத்திலும் செலோ இன்னொரு கணத்திலும் கிளம்பிவிடும்.

மேத்தா 1936-ல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். தந்தை மேளி மேத்தா வயலின் வித்வான். பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கியவர். பதினாறு வயதிலேயே மகன் அந்தக் குழுவின் ஒத்திகைகளை நடத்தினார். இருந்தாலும் மகன் டாக்டராக வேண்டும் என்பதே வீட்டின் விருப்பம். மருத்துவத்துக்கான முன்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1954-ல் வியன்னாவுக்குப் போனார் ஜூபின். அங்கே குரு ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி. இசைக்குறிப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மதிக்கச் சொல்லிக் கொடுத்த கண்டிப்பான ஆசிரியர்.

வியன்னாவில் ஜாம்பவான் நடத்துநர்களின் ஒத்திகைகளுக்கு வெளியாட்களை விடமாட்டார்கள். மேத்தாவும் உடன் படித்த கிளாடியோ அபாடோவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குழுப்பாடகர்களாகச் சேர்ந்து, கீழ்க்குரல் பாடுவோர் வரிசையில் நின்றுகொண்டார்கள்! சபையில் இருப்பவர்களுக்குத் தெரிவது நடத்துநரின் முதுகு. பாடகர்களுக்கோ முகம், கண், விரல் எல்லாம் தெரியும். புரூனோ வால்ட்டரும் கராயனும் எந்த இடத்தில் குழுவை நிறுத்துகிறார்கள், எப்படித் திருத்துகிறார்கள் என்பதை இருவரும் பாடிக்கொண்டே பார்த்தார்கள். பல வருடப் பாடத்துக்குச் சமமான குறும்பு அது.

1956-ல் ஹங்கேரியில் புரட்சி நசுக்கப்பட்டு, அகதிகள் எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குள் வந்தார்கள். இருபது வயது மேத்தா ஏழே நாளில் மாணவர்களைத் திரட்டி ஒரு குழு அமைத்து, வியன்னாவுக்கு வெளியே ஓர் அகதி முகாமில் கச்சேரி நடத்தினார். குழு இல்லையென்றால் உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

1958-ல் லிவர்பூல் போட்டியில் முதல் பரிசு. அதன் பலனாக அவ்வூர்க் குழுவில் ஓராண்டு துணை நடத்துநர் வேலை. அதன் பிறகு கதவு திறந்ததெல்லாம் அடுத்தவர் உடம்புக்கு முடியாமல் போனதால். மொன்ட்ரியலில் நடத்துநர் இகோர் மார்கெவிட்ச் வர முடியவில்லை, மேத்தா போனார். லாஸ் ஏஞ்சலிஸில் ஃபிரிட்ஸ் ரைனர் வர முடியவில்லை, அங்கேயும் மேத்தாதான். இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. பதிலாக வருகிறவருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு ஒத்திகை. இசைக்குறிப்பு முன்பே மனசில் ஏறியிருந்தால்தான் பிழைக்க முடியும்.

லாஸ் ஏஞ்சலிஸ் நிர்வாகத்துக்கு அவரை விட மனமில்லை. தலைமைப் பொறுப்புக்கு ஏற்கெனவே ஒப்பந்தமாகியிருந்த ஜார்ஜ் சோல்ட்டியைக் கலந்துகொள்ளாமலே மேத்தாவைத் துணை நடத்துநராக நியமித்தார்கள். சோல்ட்டி கோபித்துக்கொண்டு விலகினார். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. தன் குழுவில் யார் இருக்க வேண்டும் என்று தலைவரைக் கேட்காமல் யாரைக் கேட்பது? ஆனால் பிழை நிர்வாகத்துடையது, இளைஞருடையதல்ல. 1962-ல் 26 வயது மேத்தா அந்தக் குழுவின் தலைமை நடத்துநரானார். மொன்ட்ரியல் குழுவும் 1967 வரை அவர் கையிலேயே இருந்தது. வட அமெரிக்காவில் ஒரே சமயத்தில் இரண்டு சிம்பொனி குழுக்களுக்குத் தலைமை வகித்த முதல் ஆள் அவர்தான்.

1964 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் குழுவுக்குப் புது அரங்கம் திறந்தது. திறப்பு விழாக் கச்சேரியை மேத்தா நடத்த, பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோவை யாஷா ஹைஃபெட்ஸ் வாசித்தார். அதே ஆண்டு தந்தை மேளி மேத்தாவும் அந்த ஊருக்கே குடிவந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கன் யூத் சிம்பொனி என்று இளைஞர்களுக்காகவே ஒரு குழுவை ஆரம்பித்து, முப்பது வருடங்களுக்கு மேல் அவரே நின்று நடத்தினார்.